சொட்டு நிற்கும் இடம்

மோல்மேன் படகுத்துறையில்
பிலூ தீவுக்குப் போகவேண்டிய படகு
இருமிக்கொண்டு நிற்கிறது.
ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது சத்தம்.
புகை வெள்ளை.
வெள்ளை என்றால் எரியாத டீசல்;
கண்ணில் பட்டால் வெங்காயம்.

"நேற்று வரைக்கும் நன்றாகத்தான் ஓடியது" என்கிறாள் மா நியோ.
எல்லா எஞ்சினும் நேற்று வரைக்கும் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது.
இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிறேன்,
பர்மியத்தில், மோன் பாஷையில்,
ஒருமுறை உடைந்த தெலுங்கில்.

பம்பில் எடுத்தவுடன் கை வைப்பவன் அவசரக்காரன்.
நான் டாங்கியிலிருந்து வருகிறேன்.
குழாய், ஃபில்டர், காற்றெடுக்கும் திருகு.
திருகை அரைச்சுற்று தளர்த்திக் கைப்பம்பை அமுக்க
நுரை வந்தது, பிறகு குமிழி, பிறகு
வெளிறிய டீ நிறத்தில் எண்ணெய்.
மண்ணெண்ணெய் கலந்த எல்லைச் சரக்கு.
கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.
நானும் கேட்கவில்லை.

எஞ்சினைப் போட்டேன். அதே இருமல்.

ஓடவிட்டே குழாய் நட்டுகளைத் தளர்த்தினேன்.
ஒன்று: சத்தம் சரிந்தது. இறுக்கினேன்.
இரண்டு: சரிந்தது.
மூன்றில் ஒன்றுமே ஆகவில்லை.
ஆள் போய்ப் பல நாள் ஆன பிறகும்
அவனுக்கும் சேர்த்தே சோறு வடிக்கிற வீடு மாதிரி
அந்த சிலிண்டர் சும்மா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வால்வைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தேன்.
ஸ்பிரிங் இரண்டு துண்டாக விழுந்தது.
சின்னத் துண்டு ஓர் அரிசி நீளம்கூட இல்லை.
இதற்காக நாற்பது பேர், நான்கு கோழிக்கூடை,
யாரோ ஒருத்தியின் கல்யாணப் பூ,
எல்லாம் வெயிலில்.

ஸ்பிரிங்கை மாற்றினேன். இருமல் நின்றது.
காசை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.
புகை மட்டும் இன்னும் கொஞ்சம் வெள்ளை.

பம்பின் விளிம்பைத் துணியால் துடைத்தேன்.
கம்பெனி போட்ட கோடு ஒன்று.
அதைத் தாண்டி, உளியால் வெட்டிய இன்னொன்று.
பம்பு நிற்பது இந்த இரண்டாவதில்.
அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.
ஞானப்பிரகாசம் இடதுகைக்காரன்.

ஏழு வருஷம் ஒரே பட்டறை, ஒரே ஸ்பேனர் பெட்டி.
"முன்னே தள்ளுடா, இழுவை வரும்" என்பான்.
"தலை வெடிக்கும், பின்னே வை" என்பேன்.
கடைசிச் சண்டையும் இதைப் பற்றித்தான்,
அல்லது பணத்தைப் பற்றி.
மேசோட் பக்கம் போய்விட்டான்.
பெட்டியை எனக்கே விட்டுவிட்டு
பதினேழாம் நம்பரை மட்டும் எடுத்துக்கொண்டு.
குழாய் நட்டு எல்லாம் பதினேழு.

முதல் வால்வை எடுத்து அன்னக்கழுத்துக் குழாயை மாட்டினேன்.
படகோட்டி கம்பியால் ஃப்ளைவீலை நெம்பினான்.
மெல்ல, என்றேன். இன்னும் மெல்ல.
பிள்ளை தூங்குகிற அறையின் கதவைத் திறப்பதுபோல.
ஒழுகியது.
மெலிந்தது.
சொட்டு.

சொட்டு.
நில்.

பதினெட்டில் நிற்கவேண்டிய குறி
பதினாறில் நிற்கிறது.
அவன் கோட்டில் தப்பில்லை.
கப்ளிங் தேய்ந்திருக்கிறது; அவன் வெட்டிய அன்றைக்கு
அது சரியாகத்தான் இருந்திருக்கும்.
இப்போது இன்னும் முன்னே தள்ளவேண்டும்.
அவன் சொன்ன பக்கமே.
அவன் போனதைவிட அதிகமாக.

யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு
தள்ளினேன்.
மறுபடி சொட்டு எண்ணி, மூன்று நட்டையும் இறுக்கி
என் உளியால் மூன்றாவது கோடு வெட்டினேன்.
"பழையதை ராவிவிடட்டுமா?" என்றான் படகோட்டி.
கிடக்கட்டும் என்றேன்.

எஞ்சினைப் போட்டபோது
புகைக்குழாயின் வாயில் நிறமே இல்லை,
அக்கரைப் பகோடா மட்டும் லேசாக நெளிந்தது.
சனம் ஏறியது. கோழிகள் ஏறின.
மா நியோ எண்ணாமல் கொடுத்தாள், நான் எண்ணிப் பார்த்தேன்.

என் சீனத்துப் பதினேழு கடைசி நட்டில் வழுக்கி
விரல் முட்டி பெயர்ந்திருக்கிறது.
டீசலில் கழுவினால் எரிகிறது.
மேசோட்டில் இந்நேரம் எந்த நட்டை இறுக்குகிறானோ
நல்ல ஸ்பேனரால்,
திருட்டுப் பயல்.